கரண்ட் போனது வேருக்குத் தெரிந்திருக்கிறது

நாமக்கல்காரர்களிடம் போய் முட்டையைப் பற்றி வகுப்பெடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. தெரிந்தேதான் ஆரம்பித்தேன். முதல் மாதமே, ஆறாவது படிக்கிற ஒரு பெண் எழுந்து, "சத்துணவு முட்டையை அடை வெச்சா குஞ்சு பொரிக்குமுங்களா சார்?" என்று கேட்டாள். பொரிக்கும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். 14 பேரில் 9 கை மேலே போனது. அந்த ஒன்பதில் நாலு பேருக்கு அப்பாவோ அம்மாவோ பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை.

நான் வாத்தியார் இல்லை. கோழித் தீவன ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் 11 வருடமாக மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஈரப்பதம் எவ்வளவு, புரதம் எவ்வளவு, பூஞ்சை நஞ்சு ஏறியிருக்கிறதா, இதுதான் நாள் முழுக்க. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஓர் அறை கிடைக்கிறது. தலைமையாசிரியை சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுப் போங்கள் என்பதோடு சரி, வேறு எதுவும் கேட்பதில்லை. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

ஆரம்பித்த காரணம் கொஞ்சம் கோபம்தான். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6 மணி 4 நிமிடத்துக்கு சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வாரம் முழுக்க நிலா பைத்தியம். சூட்டோடு சூடாக என் மகள் படிக்கிற தனியார் பள்ளிக்கு ஒரு நிறுவனம் வந்து ஒரு நாள் 'விண்வெளிப் பட்டறை' நடத்தியது. 1,500 ரூபாய். சாயங்காலம் அவள் ஒரு பிளாஸ்டிக் ராக்கெட், ஒரு பேட்ஜ், பளபளவென்று ஒரு சான்றிதழோடு வந்தாள். என்னடா கண்ணு செய்தாய் என்று கேட்டால், "ஒட்டினோம்பா" என்றாள். ராக்கெட்டின் பாகங்கள் எண் போட்டு வந்திருந்தன, எண்ணைப் பார்த்து ஒட்டினால் ராக்கெட். தப்பாக ஒட்டவே முடியாது. தப்பே வர முடியாத ஒன்றைச் செய்துவிட்டு அதற்கு எதற்குச் சான்றிதழ் என்று அன்றைக்கு ராத்திரி என் மனைவியிடம் ஒரு மணி நேரம் புலம்பினேன். அவள், இவ்வளவு பேசுகிறவர் நீங்களே எடுங்களேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

சரி, முட்டைக்கு வருகிறேன்.

பண்ணை முட்டையில் குஞ்சு வராது, ஏனென்றால் அங்கே சேவல் கிடையாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வகுப்பில் ஒரு பையனின் அப்பத்தா நாட்டுக்கோழி வளர்க்கிறவர், அப்போது ஒரு கோழி அடையில் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, அடை வைத்து ஆறாம் நாள் இரண்டு முட்டையை அரை மணி நேரத்துக்கு வாங்கிவந்தோம். பஞ்சில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்து, பையன் சைக்கிளில் வராமல் நடந்தே கொண்டுவந்தான். பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறைக்கு ஜன்னல் இல்லை. அதுதான் எங்கள் இருட்டறை. முட்டை அட்டையில் ஒரு குழியின் அடியை வெட்டி எடுத்து, கீழே செல்போன் டார்ச்சை வைத்து, முதலில் சத்துணவு முட்டை. உள்ளே மங்கலாக மஞ்சள் நிழல், வேறொன்றும் இல்லை. அப்புறம் நாட்டுக்கோழி முட்டை.

அந்த அறையில் 14 பிள்ளைகளும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டது அன்றைக்குத்தான். ஓட்டுக்கு உள்ளே செக்கச்செவேல் என்று நரம்புகள், நடுவிலிருந்து நாலாபக்கமும் கிளை பிரிந்து போகின்றன. நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. அது கண். பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்தப் புள்ளி லேசாக ஆடியது. "எட்டுக்கால் பூச்சி மாதிரி இருக்குதுங்க சார்" என்றான் ஒருவன். கேள்வி கேட்ட பெண் மட்டும் சத்துணவு முட்டையை இன்னொரு தடவை டார்ச்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சும்மா முட்டை" என்று அதைத் தள்ளிவைத்தாள்.

முட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் அப்பத்தா எனக்கே ஒரு பாடம் எடுத்தார். அவருக்கு டார்ச் வேண்டாம். முட்டையை உள்ளங்கைக்குள் வைத்து விரலைக் குவித்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். இது குஞ்சு, இது கூமுட்டை. அடைக்கு உட்கார்ந்த கோழி நாளைக்குப் பத்து தடவையாவது அலகால் முட்டையைப் புரட்டிப் போடும் என்றார். ஏன் புரட்டுகிறது என்று பேரன் கேட்டான். "புரட்டாட்டி ஒட்டிக்கும் சாமி" என்றார். பாடப்புத்தகமும் அதையேதான் சொல்லும்: ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு ஓட்டுக்கு உள்ளே இருக்கிற சவ்வில் ஒட்டிக்கொள்ளும். குஞ்சு பொரிப்பகத்தில் தட்டுகளை மணிக்கொரு தரம் சாய்க்கிற இயந்திரம் வைத்திருப்பதும் கோழியின் அந்த அலகு வேலைக்குத்தான்.

அப்போதுதான் எனக்கு ஜான் வெலிங்கர் ஞாபகத்துக்கு வந்தார். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துப் பையன். எட்டாவது படிக்கும்போது, கோழி முட்டையை விண்வெளிக்கு அனுப்பினால் கரு வளருமா என்று மாணவர்களுக்கான நாசா போட்டிக்கு எழுதிப் போட்டார். விடாமல் வருடக்கணக்காக அதையே பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் முட்டைகள் ஏறிய விண்கலம் சேலஞ்சர். 1986 ஜனவரி 28 அன்று கிளம்பிய ஒன்றே கால் நிமிடத்துக்குள் அது வெடித்துச் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள், முட்டைகளும் போயின. மறுபடி 1989 மார்ச்சில் டிஸ்கவரி விண்கலத்தில் 32 முட்டைகள் போயின. செலவை ஏற்றுக்கொண்டது யார் தெரியுமா, கே.எஃப்.சி. இதைச் சொன்னதும் வகுப்பு பத்து நிமிடம் அடங்கவில்லை.

32-இல் பாதி, கிளம்புவதற்கு 2 நாள் முன்னால் கரு வளர ஆரம்பித்தவை. மீதிப் பாதி 9 நாள் வளர்ந்தவை. ஐந்து நாள் சுற்றிவிட்டுத் தரைக்கு வந்த பிறகு, 9 நாள் கூட்டத்திலிருந்து நல்ல குஞ்சுகள் பொரிந்தன, முதல் குஞ்சுக்கு கென்டக்கி என்று பெயர் வைத்தார்கள். 2 நாள் கூட்டத்தில் ஒன்றுகூடப் பொரியவில்லை. ஏன் என்று பிள்ளைகளிடமே விட்டேன். "பயந்திருக்கும்", "சத்தத்துல செத்திருக்கும்", இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, அப்பத்தாவின் பேரன் மெதுவாக, "அங்க மேல கீழ இல்லீல்லங்க சார், எப்படிப் புரண்டாலும் ஒண்ணுதான?" என்றான். ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று அதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. முதல் சில நாட்களில் கரு ஒரு சின்னப் பொட்டு, மஞ்சள் கருவின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். தரையில் மஞ்சள் கரு வெள்ளைக் கருவுக்குள் லேசாக மிதந்து மேலே வருவதால் அந்தப் பொட்டு ஓட்டை ஒட்டி நிற்கும், காற்று கிடைக்கும். மேல் கீழ் இல்லாத இடத்தில் மஞ்சள் கரு எங்கே மிதப்பது?

இந்த 'மேல் கீழ் இல்லை' என்பதைச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. பிள்ளைகளை விடுங்கள், என்னோடு வேலை செய்கிற எம்.எஸ்சி. ஆட்களே 'மேலே போனால் ஈர்ப்பு விசை இல்லை' என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் இருக்கிற ஈர்ப்பில் சுமார் 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. இருக்கிறது, ஆனால் நிலையமும் உள்ளே இருக்கிற ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பூமி வளைந்து விலகிக்கொண்டே போவதால் விழுந்து முடிவதில்லை. இதைப் பலகையில் வரைந்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியைச் சுட வைத்து ஓட்டை போட்டு, மூடியைத் திறந்து பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும். தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டு உச்சியிலிருந்து அதை விட்டுவிட்டால், விழுகிற அந்த ஒரு நொடி பீய்ச்சுவது நின்றுவிடும். செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தோம். முதல் நாலு தடவை பாட்டில் சுழன்றுகொண்டே விழுந்ததால் தண்ணீர் சிதறி ஒன்றும் புரியவில்லை. ஐந்தாவது தடவை பாட்டில் நேராக விழுந்தது, நின்றது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேல் 30 தடவை போட்டார்கள். எனக்கும் அலுக்கவில்லை.

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 போனது. செயற்கைக்கோள்களை இறக்கிவிட்ட பிறகு ராக்கெட்டின் கடைசி அடுக்கு சும்மாதானே கிடக்கும், அதையே ஒரு பரிசோதனை மேடையாக இஸ்ரோ பயன்படுத்துகிறது. அந்த மேடையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் எட்டு விதை. நாலே நாளில் முளைத்துவிட்டது, சில நாளில் இலையும் விட்டது. என்ன விதை என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். ஆப்பிள், கோதுமை, ரோஜா என்றெல்லாம் சொன்னார்கள். தட்டைப்பயறு. சென்னைப் பக்கம் காராமணி என்பார்களே, அதே. "எங்கூட்டுக் குழம்புலயா?" என்றாள் ஒருத்தி, நம்பாமல்.

நாமும் செய்யலாம் என்று வாய் விட்டுவிட்டேன்.

ஈர்ப்பை இல்லாமல் ஆக்க முடியாது, ஆனால் விதையைக் குழப்பலாம். விதையைச் செங்குத்தாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் 'கீழே' என்பது ஒவ்வொரு கணமும் வேறு பக்கமாகிவிடும், வேருக்கு எந்தப் பக்கம் வளைவது என்று முடிவெடுக்க நேரம் கிடைக்காது. இதற்கு கிளினோஸ்டாட் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ் இதைச் செய்து பார்த்திருக்கிறார். நான் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளில் ஒரு தட்டை ஒட்டினேன். கனம் தாங்காமல் ஏழு மணிப் பக்கம் போய் நின்று விக்கிக்கொண்டிருந்தது. கடிகாரமும் போயிற்று, வீட்டில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அப்புறம் 12 வோல்ட், 10 ஆர்.பி.எம். கியர் மோட்டார் ஒன்று வாங்கி, பழைய செல்போன் சார்ஜரின் வயரை வெட்டி அதோடு இணைத்தேன். சார்ஜர் 5 வோல்ட்தான் தரும், அதனால் மோட்டார் இன்னும் நிதானமாக, நிமிடத்துக்கு நாலு சுற்று. அச்சில் எம்-சீல் வைத்து ஒரு பழைய சி.டி., அதன் மேல் ஸ்வீட் பாக்ஸின் வட்ட மூடி, உள்ளே ஈரமான டிஷ்யூ காகிதம், அரை அங்குலம் வேர் விட்ட ஆறு தட்டைப்பயறு, வேர்கள் எல்லாம் வெளியே பார்க்கிற மாதிரி சூரியக் கதிர் போல அடுக்கியது. பக்கத்தில் அதே மாதிரி சுற்றாத தட்டு ஒன்று.

முதல் தடவை அழுகிப்போயிற்று, தண்ணீர் அதிகம். இரண்டாவது தடவை விதை தட்டிலிருந்து உதிர்ந்துவிட்டது. மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டிவிட்டு, சனிக்கிழமை காலையிலேயே போய்த் திறந்தோம். சுற்றாத தட்டில் ஆறு வேரும் கீழே வளைந்திருந்தன, எதிர்பார்த்ததுதான். சுற்றுகிற தட்டில் ஆறு வேரும் ஆளுக்கொரு திசையில் நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆறும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன, படிய வாரிய தலைமுடி மாதிரி. அந்தத் தட்டு எங்கள் கண் முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஏதோ ஈரம் ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கும் என்று நான் உளற ஆரம்பித்தேன். பிள்ளைகள் கேட்கவில்லை, தட்டை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு முட்டையைத் தள்ளிவைத்தாளே, அந்தப் பெண், ஸ்கேலை எடுத்துவந்து வேரின் மேல் வைத்தாள். விதையிலிருந்து கொஞ்ச தூரம் நேர், அப்புறம் ஒரு வளைவு, அதற்கப்புறம் மறுபடி நேர். ஆறிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி. "மொதல்ல சுத்தியிருக்குது, நடுவால நின்னிருக்குது, அப்புறம் மறுக்கா சுத்தியிருக்குது" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ராத்திரி கரண்ட் போச்சுங்களே சார்" என்றாள்.

போனது. இரண்டு மணிக்கு மேல் போய் விடிகிற நேரத்துக்கு வந்தது. கொசுக்கடியில் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று மணி நேரம் தட்டு நின்றபோது எது கீழே இருந்ததோ அந்தப் பக்கமாக ஆறு வேரும் திரும்பியிருக்கின்றன. கரண்ட் வந்து தட்டு சுற்ற ஆரம்பித்ததும், திரும்பின திசையிலேயே நேராகப் போய்விட்டன. பூட்டிய அறைக்குள் நடந்தது, ஆறு வேரில் அப்படியே எழுதியிருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் ஆறு நேர்க்கோடு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். (மின்வாரியத்துக்கு நன்றி சொல்கிற சந்தர்ப்பம் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்?)

வேருக்கு எப்படித் தெரிந்தது என்பது அடுத்த சனிக்கிழமை. ஆலையில் ஓரங்கட்டிய பழைய நுண்ணோக்கி ஒன்று கிடந்தது, கேட்டு வாங்கிவந்தேன். வேர் நுனியை ஒரு மில்லிமீட்டருக்கு வெட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, காயத்துக்குப் போடுகிற அயோடின் மருந்தை ஒரு சொட்டு விட்டு, மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடி, கட்டை விரலால் ஓர் அழுத்து. மாவுச்சத்து இருக்கிற இடம் கறுத்துவிடும். சோற்றுப் பருக்கையில் முதலில் போட்டுக் காட்டிவிட்டேன், அதனால் கறுப்பு என்றால் மாவு என்று தெரியும். வேரில் மேலே எல்லாம் வெளிறிப்போய்க் கிடக்க, கடைசி நுனியில் மட்டும், விரலுக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கிற பகுதியில், செல்லுக்குள் செல் கறுப்பு மணிகள். மாவுமணிகள். செல்லுக்குள் இருக்கிற மற்றதைவிடக் கனம் அதிகம், அதனால் எது கீழோ அங்கே போய்ப் படியும். படிந்த பக்கத்தை வைத்து வேர் திசையைத் தெரிந்துகொள்கிறது. அதாவது வேர் நுனிக்குள் குட்டிக் குட்டிக் கூழாங்கற்கள் உருண்டுகொண்டிருக்கின்றன. எல்லோரும் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாதவர்கள் மூன்று பேர், அவர்களுக்கு இன்னொருவர் கையால் கண்ணைப் பொத்திவிட வேண்டியிருந்தது.

நடுவே கல்லை வைத்தும் ஒன்று செய்து பார்த்தோம். எங்கள் மாவட்டத்தில் பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை என்று ஊர்கள். அங்கே கிடைக்கிற அனார்த்தசைட் என்கிற வெளிர்க்கல், நிலாவின் மேட்டு நிலப் பாறையோடு ஒத்துப்போகிறது. சந்திரயான்-2 இறங்கு கலத்தைச் சோதிப்பதற்காக இந்தக் கல்லை அரைத்து சுமார் 50 டன் 'நிலா மண்' தயாரித்து பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தயாரிப்பு முறைக்கு இஸ்ரோவுக்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது. அமெரிக்காவில் 2022-இல் அசல் நிலா மண்ணிலேயே, அப்போலோ பயணங்களில் கொண்டுவந்ததில், கடுகு இனத்துச் செடி ஒன்றை வளர்த்துக் காட்டினார்கள். முளைத்தது, ஆனால் நோஞ்சானாக. எங்களிடம் அந்தப் பக்கத்துக் கல்லை அரைத்த தூள் ஒரு தேங்காய்த் தொட்டி நிறைய. தண்ணீர் ஊற்றியதும் சிமெண்ட் மாதிரி இறுகிப்போயிற்று. குச்சியால் கிளறிவிட்டு தட்டைப்பயறு போட்டோம், முளைத்தது, விதையில் இருந்த சாப்பாடு தீர்ந்ததும் இலை மஞ்சளாகி நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு அது சப்பென்று இருந்தது. சாணி போடலாமா என்றார்கள். நிலாவில் மாடு ஏது என்று கேட்டேன். அதோடு அந்தத் தொட்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் மனசு முழுக்க சுற்றுகிற தட்டில்தான் இருந்தது. 2025 ஜூன் கடைசியில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போய் வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்கவிட்டார் என்று செய்தி வந்ததும், அடுத்த வாரமே தட்டில் வெந்தயம் ஏறிவிட்டது. நான் சொல்லவில்லை, வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கரண்ட் போனால் தெரிய வேண்டும் என்று ஒருவன் பேட்டரி கடிகாரம் ஒன்றும், சுவரில் செருகுகிற கரண்ட் கடிகாரம் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு நேரம் கரண்ட் இல்லை. இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது, நான் பயந்துகொண்டே இருந்த கேள்வி. வெலிங்கர் முட்டையை மேலே அனுப்பினாரே, நாம் தட்டில் ஏற்றினால் என்ன? இரண்டு நாள் கரு, ஒன்பது நாள் கரு, இரண்டையும். உயிரோடு விளையாடுவது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இவர்கள் பொறுக்காமல் நேரே அப்பத்தாவிடம் போயிருக்கிறார்கள். "எம் முட்டையை ராட்டினத்துல ஏத்தறீங்களாடா, போங்கடா அந்தப் பக்கம்" என்று விளக்குமாற்றை எடுத்திருக்கிறார். பேரன் காலைப் பிடித்துக் கெஞ்சியதில், கூமுட்டை வேண்டுமானால் தருகிறேன், எடை தாங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்றைத் தனியே எடுத்துக் கொடுத்தார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்தவை.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்பது நாள் அடையில் இருந்தவை, ஒன்றில் உயிர் இருந்துவிட்டால்? இருட்டறையில் மூன்றையும் டார்ச் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிள்ளைகளும் பார்த்தார்கள். மூன்றிலும் நரம்பு இல்லை, கண் இல்லை. மூன்றும் கூமுட்டை. அப்பத்தாவின் பேரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாந்தான் சொன்னனுங்களே சார்" என்றான்.

ஒரு முட்டையை மூடியில் பஞ்சு வைத்துக் கட்டி ஏற்றினோம். மோட்டார் கால் சுற்று போய் முனகிவிட்டு நின்றது. இன்னும் விசையுள்ள கியர் மோட்டார் சேலத்தில் கிடைக்கும் என்கிறார்கள். மீதி இரண்டு கூமுட்டையையும் தூரமாகக் கொண்டுபோய்ப் போடச் சொன்னேன், ஒன்று பள்ளி வாசலிலேயே உடைந்துவிட்டது. திங்கள்கிழமை தலைமையாசிரியையின் போன் வந்தது.